நூற்றிருபது வருடத் தேய்மானம்

இரண்டு மணிக்குப் பார்க்கலாம் என்று சொல்லி வசுந்தரா மேடம் அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனபோது மணி ஒன்றேகால். குணவதி நடைவழியில் கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடிக் கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் மேசை, மேசைமேல் தலைக்கவசம். நெற்றியில் கழுகு இறக்கையை விரித்துக்கொண்டு, உச்சியில் கூர் முனையோடு, பின்கழுத்துக்கு இறால் ஓடு மாதிரி அடுக்கடுக்காகத் தகடு இறங்க, அது கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள், இருந்தாலும் ஜன்னல் வெளிச்சம் எங்கிருந்தோ வந்து கழுகின் மார்பு மட்டும் மினுங்கியது, பளபளக்கவில்லை, மினுங்கியது, அந்த வித்தியாசத்துக்குத்தான் எட்டு மாதம். எழுந்து போய்விடலாமா. எங்கே போவது, ஆதார் அட்டை கீழே வாசல் காவலரிடம் இருக்கிறது, மனு மேடத்தின் மேசையில் இருக்கிறது, கவசம் பூட்டின அறைக்குள் இருக்கிறது. காலையில் அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறும்போது அரைமணி வேலை என்றுதான் நினைத்தாள். இதற்கு முன் நான்கு தடவை இந்தத் தொல்லியல் அலுவலகத்துக்கு வந்திருக்கிறாள். வெளிநாட்டுக்குப் போகிற சாமான் பழம்பொருள் இல்லை, இப்போது செய்ததுதான் என்று இவர்கள் ஒரு தாள் கொடுத்தால்தான் ஏற்றுமதி ஆகும். அந்த நான்கும் சினிமாக் கம்பெனிகளுக்குப் போன சாதா நிக்கல் வேலை, தூரத்திலிருந்தே புதுசு என்று தெரியும், பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள், வந்துவிட்டாள். இன்று மேடம் துணியைப் பிரித்தவுடனே பேச்சை நிறுத்திவிட்டார். லென்ஸை எடுத்தார். கவசத்தைத் தொடாமல் தானே அதைச் சுற்றி நடந்தார். "இது எங்க கெடச்சுது?" என்றார். "கெடைக்கல மேடம், செஞ்சது." "யாரு செஞ்சது?" "நான்தான்." மேடம் சிரித்தார், கிண்டலாக இல்லை, குழந்தை பொய் சொன்னால் சிரிக்கிற மாதிரி. "அம்மா, நான் பதினெட்டு வருஷமா உலோகம் பாத்துட்டு இருக்கேன். இது ஜெர்மன் குதிரைப்படை அதிகாரியோடது. சிப்பாயோடதுன்னா வெறும் இரும்பை மெருகு போட்டு விட்டிருப்பாங்க. இதுல நிக்கல் இருக்கு, மேல நெருப்பு முலாம் இருக்கு. கொறஞ்சது நூத்திருபது வருஷம்." அப்போது குணவதிக்கு முதலில் சந்தோஷம்தான். பயம் அதற்குப் பிறகு வந்தது, மேடம் அடுத்த வார்த்தை சொன்ன பிறகு. "பழசுன்னு எனக்குச் சந்தேகம் வந்துட்டா இதைத் திருப்பிக் குடுக்க முடியாது. கமிட்டிக்குப் போகும். உங்க ஓனரையும் உங்களையும் கூப்பிட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. இல்ல, நீங்க செஞ்சதுதான்னா ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்க, ஒரு ஓரமா சுரண்டிப் பாத்துடறேன். யோசிச்சு வைங்க."

யோசிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் யோசனை எங்கே போகிறது, நூற்றிருபது என்ற இடத்திலேயே திரும்பத் திரும்பப் போய் முட்டுகிறது. நூத்திருபது. பதினெட்டு வருஷம் பார்த்த கண் சொல்லியிருக்கிறது. குணவதிக்கு நாற்பத்து நான்கு. இருபது வயதில் பைக் சைலன்ஸருக்குக் குரோம் பூசுகிற தொட்டியில் வேலைக்குச் சேர்ந்தவள், அங்கே பளபளப்பு ஒன்றுதான் வேலை, முகம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் திரும்ப முக்கு. பரஞ்சோதி சாரின் பட்டறைக்கு வந்த பிறகுதான் பளபளப்பைக் கொல்வதும் ஒரு வேலை என்று தெரிந்தது. தொட்டியில் கரண்ட் விட்டு ஏற்றுகிற தங்கம் பல்செட் மாதிரி இருக்கும், ஒழுங்காக, உயிர் இல்லாமல். நெருப்பு முலாம் அப்படி இல்லை. தங்கத்தைப் பாதரசத்தில் போட்டால் வெண்ணெய் மாதிரி குழைந்துவிடும், அதைப் பித்தளைமேல் தடவி அடியில் சூடு காட்டினால் ரசம் புகையாகப் போய்விடும், தங்கம் மட்டும் மஞ்சள் அரைத்துப் பூசின முகம் மாதிரி மங்கலாகத் தங்கும். பிறகு மேடான இடங்களை மட்டும் கல்லால் தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும், இறகின் விளிம்பு, அலகு, நகம். பள்ளங்களை விட்டுவிட வேண்டும், பனி பூத்த மாதிரி. அது வரைக்கும் கைத்திறமை. அதற்கப்புறம் தேய்மானம், அதுதான் கஷ்டம், ஒருத்தன் இல்லாமல் தேய்மானம் வராது. சார் கொடுத்த படங்களில் எல்லாக் கவசமும் வலது ஓரத்தில் தேய்ந்திருந்தன, வலது கையால் கழற்றிக் கழற்றி. குணவதி இடதுகைக்காரி. அதனால் அவள் மனசுக்குள் அந்தக் கவசத்தைப் போட்டிருந்த அதிகாரியும் இடதுகைக்காரர் ஆகிவிட்டார். மதியம் சாப்பிட்டவுடன் ஒரு தோல் கையுறையை மாட்டிக்கொண்டு கவசத்தைத் தலையில் வைத்து, இடது கையால் முன்விளிம்பைப் பிடித்துக் கழற்றி, வைத்து, கழற்றி, ஒரு நாளைக்கு நானூறு தடவை. வாட்ச்மேன் முதல் எல்லாரும் சிரித்தார்கள். அந்த நானூறு தடவையும் அவரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள், வேறு என்ன நினைப்பது. பெயர் வைக்கவில்லை, அவர் என்றுதான். அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. குதிரை என்றால் உள்ளூரப் பயம், குதிரைப்படையில் அதை யாரிடம் சொல்வது, அதனால் குதிரையை விட்டு இறங்கினவுடன் முதல் வேலையாகக் கவசத்தைக் கழற்றிவிடுவார், அவசரமாக, மூச்சு விடுவதற்கு, அதனால்தான் விளிம்பில் பெருவிரல் படுகிற இடத்தில் மட்டும் நிக்கல் போய் இரும்பு சாம்பலாகத் தெரிகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்த மேடம் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றார். அந்தப் பயத்தையே பார்த்துவிட்ட மாதிரி நின்றார். உள்ளே கவசம் அப்படியே இருக்கிறது. அவரும் மூச்சு விட முடியாமல்தான் இருப்பார்.

போன் மடியில் கிடக்கிறது. பன்னிரண்டரை மணிக்கே சாருக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள், இந்த பெஞ்சிலிருந்துதான், மேடம் அறைக்குள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது. "சார், பழசுன்னு சொல்றாங்க." பரஞ்சோதி சார் சிரித்தார், மகன் பாஸாகிவிட்டான் என்று கேட்டவர் மாதிரி. "பழசுன்னேவா சொன்னாங்க? நூறு வருஷம்னா?" "நூத்திருபது." "பாத்தியா!" அவளும் சிரித்தாள், அதை நினைத்தால் இப்போது முகம் கூசுகிறது. சுரண்டிப் பார்க்கிறேன் என்கிறார்கள் என்று சொன்னவுடன் சிரிப்பு நின்றுவிட்டது. "கூடவே கூடாது குணா. மேல ஒரு கீறல் விழக்கூடாது." "அப்ப புதுசுன்னு எப்பிடி சார் காட்டறது?" "எதுனா சொல்லு. அழு. வேற வழியே இல்லன்னா உள்ளாற, தோல் உறைக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாத எடமா காட்டு. வந்ததும் நாம பூசிக்கலாம். வாங்கறவரு ஏற்கெனவே லென்ஸு வெச்சிட்டு ஒக்காந்திருக்காரு." "புதுசுன்னு தெரிஞ்சுதானே சார் வாங்கறாரு?" "லைன் சரியா இல்லம்மா, அப்புறம் பேசறேன்." லைன் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் மெருகு போடுகிற பஃப்பிங் மெஷின் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. இங்கே புதுசு என்று ஒரு தாள், அங்கே பழசு என்று ஒரு விலை. இரண்டுக்கும் நடுவில் அவள். இது இப்போதுதான் தெரிந்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், கேட்டிருக்கக் கூடாது, ஏனென்றால் பதில் உடனே வந்துவிட்டது. மற்ற நான்கு கவசத்துக்கும் முன்விளிம்புக்கு அடியில் பட்டறை முத்திரை அடித்தாள். இதற்கு அடிக்க எடுத்தபோது சார் வந்து முத்திரையைக் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இது ஸ்பெஷல், இதுக்கு வேணாம், என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஸ்பெஷல் என்ற சொல் இனித்தது. இனித்ததால் கேட்கவில்லை. நாம பூசிக்கலாம். நாம என்றால் யார். முலாம் பூசுகிற மாடி அறைக்குள் சார் ஒரு நாளும் வந்ததில்லை, வாசலில் நின்று, மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு, ஆச்சாம்மா என்று கேட்டுவிட்டுப் போவார். நாம.

ஒன்று நாற்பது. யாரோ டிபன் டப்பாவைக் கழுவுகிற சத்தம், ஊறுகாய் வாசனை. அவளுக்குப் பசிக்கவில்லை, ஒரு மாதமாகவே பசி இல்லை, வாயில் எப்போதும் பத்துப் பைசாவை வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு ருசி, எதைச் சாப்பிட்டாலும் அதே ருசி. மூன்று வழி இருக்கிறது என்று விரல் மடக்கிப் பார்த்தாள். உள்ளே தோலுக்கு அடியில் சுரண்டச் சொல்லலாம், தாள் கிடைக்கும், சார் அதை மூடச் சொல்வார், மூடுவாள், எங்கேயோ ஒரு ஊரில் ஒரு மனுஷன் லென்ஸை வைத்துக்கொண்டு ஏமாறுவான், அடுத்த மாதமே சார் இன்னொன்று என்பார், அதுவும் ஸ்பெஷல், அதுவும் மாடி அறை. இல்லை, எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாம். கமிட்டிக்குப் போகட்டும். பழசு என்றே முடிவாகட்டும். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்கிறது, எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைப்பார்கள். கீழே அட்டையில் எழுதியிருக்கும், ஜெர்மன் குதிரைப்படை அதிகாரியின் தலைக்கவசம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவளும் ஒரு நாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு புருஷன் தணிகாசலத்தையும் கூட்டிக்கொண்டு போய், பாரு, என்று காட்டலாம், தணிகாசலம் தண்ணி லாரி ஓட்டுகிற கையால் தலையைச் சொறிந்துகொண்டு, இன்னாது இது, இரும்புத் தொப்பி, என்பான். ஆனால் அதற்கு முன்னால் போலீஸ் வரும், எங்கேருந்து கடத்தினே என்று கேட்கும், நான் செய்தேன் என்பாள், யாரும் நம்ப மாட்டார்கள். நம்ப முடியாதபடி செய்ததுதான் அவள் கெட்டிக்காரத்தனம். அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டாள். மூன்றாவது வழி என்று மடக்கின விரல் நிற்கவில்லை, ஆடியது. மற்ற விரல்களும் ஆடின. அவள் கையைப் புடவைக்குள் விட்டுத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். பொங்கலுக்கு அப்புறம் வந்த ஆட்டம். தூக்கம் போதவில்லை, சர்க்கரையாக இருக்கும், வயசு, என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காப்பி குடிக்கும்போது டம்ளர் டபராவில் கிணுகிணு என்று அடிக்க, தணிகாசலம், "இன்னா குணா, பூசை மணி அடிக்கிறியா?" என்று கேட்டான், அன்றைக்கு அவள் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். இப்படிக் கத்துகிறவள் இல்லை அவள். மாடி அறை நினைவுக்கு வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. ஜன்னலைத் திறந்தால் காற்றில் புகை அலைந்து முலாம் திட்டுத் திட்டாக விழுகிறது, அதனால் ஜன்னலைச் சாத்த வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், ஃபேன் கூடாது. ஸ்டவ்வின் நீல நெருப்பு, தட்டில் வெள்ளையாக நெளிகிற ரசம், ஈரத்துண்டைக் கட்டின முகம், துண்டுக்குள் தன் மூச்சே சூடாகத் திரும்பி வருவது, வெள்ளை மெல்ல மெல்ல மஞ்சளாகிற அந்த நிமிஷம், ஆகா என்று அவள் குனிந்து பார்ப்பாள், மூக்கு தட்டில் படுகிற அளவுக்கு. எத்தனை தடவை குனிந்தாள். நடைவழி இப்போது அந்த அறை மாதிரி இருந்தது, இரண்டு பக்கமும் சுவர், முனையில் சாத்தின ஜன்னல். எழுந்து போய்த் திறந்து பார்த்தாள். கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. ஆடுகிற கையால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வசுந்தரா மேடம் இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்கம்மா" என்று கதவைத் திறந்தார். விளக்கைப் போட்டவுடன் கவசம் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. "சரி, நீங்க செஞ்சதுன்னே வெச்சுக்குவோம். இந்த முலாம் எப்பிடிப் பூசினீங்க?" "ரசம் வெச்சு மேடம்." மேடம் லென்ஸை எடுக்கப் போன கையை நிறுத்தினார். "பாதரசமா? நெஜமாவேவா? அதை இப்ப யாரும் தொடறதில்லையே. எங்க வெச்சுப் பண்ணீங்க?" "மாடி ரூம்ல." "ஜன்னல்?" "சாத்திட்டுத்தான் மேடம். காத்து பட்டா திட்டாயிடும்." "மூஞ்சிக்கு?" "ஈரத்துண்டு." "எத்தனை தடவை சூடு காட்டினீங்க?" "கழுகுக்கு அஞ்சு. கூருக்கு மூணு. தாடைப் பட்டை செதிலு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு, அது நாப்பது செதிலு..." சொல்லச் சொல்ல மேடத்தின் முகம் மாறிக்கொண்டே வந்தது. எதற்கு மாறுகிறது என்று குணவதிக்குப் புரியவில்லை, கணக்கு தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்தாள். "கையை நீட்டுங்க." நீட்டினாள். இரண்டு கையும் மேசைக்கு மேலே தானாக ஆடின. "எவ்ளோ நாளா?" "பொங்கலுக்கு அப்புறம்." "பல் ஈறு வலிக்குதா? ரத்தம் வருதா? எச்சி ஊறிட்டே இருக்கா?" அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈறு விஷயம் தணிகாசலத்துக்குக்கூடத் தெரியாது, தலையணையில் படிகிற கறையை விடியும் முன்பே துவைத்துவிடுகிறாள். இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும். "கோவம் வருதா? சும்மா சும்மா அழுகை?" குணவதி தலையை ஆட்டினாள், ஆட்டும்போதே அழுகை வந்துவிட்டது, சார் அழச் சொன்னது ஞாபகம் வந்து நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. மேடம் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, இது ரசம் பண்ற வேலை. உடம்புல ஏறியிருக்கு. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, ரசம் வெச்சு வேலை பாத்தேன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க, ரத்தம், மூத்திரம் எல்லாம் பாக்கச் சொல்லுங்க. இன்னொரு தடவை அந்த ரூமுக்குள்ள போனீங்கன்னா..." முடிக்காமல் கவசத்தைத் திரும்பிப் பார்த்து, "இப்ப நம்பறேன், இதை நீங்கதான் செஞ்சீங்கன்னு" என்றார். "ஆனா நான் நம்பறதை ஃபைல்ல வைக்க முடியாதே. சுரண்டிப் பாத்துத்தான் ஆகணும். உள்பக்கமா, தோலைத் தூக்கிட்டு, தெரியாத எடமா ஒரு துளி போதும். எங்கன்னு நீங்களே காட்டுங்க, நானே பண்ணிக்கறேன்." "நானே பண்றேன் மேடம்." மேடம் யோசித்துவிட்டு ஒரு சின்னக் கத்தியை எடுத்துக் கொடுத்தார். குணவதி கவசத்தை மடியில் கவிழ்த்துத் தோல் உறையின் விளிம்பைத் தூக்கினாள். இருட்டாக இருந்தது உள்ளே. இந்த இருட்டில் ஒரு துளி சுரண்டினால் எல்லாம் சரியாகிவிடும். தாள் கிடைக்கும். சாரும் சந்தோஷப்படுவார். நாம பூசிக்கலாம். அவள் தோலை விட்டாள். கவசத்தை நிமிர்த்தி மேசையில் வைத்தாள், கழுகு தன்னைப் பார்க்கிற மாதிரி. அந்த மார்பில் ஒவ்வொரு இறகும் அவளுக்குத் தெரியும், எது மங்கல், எது மெருகு, எது அவருடைய இடது கை பட்டது. கத்தியை இடது தோளில் வைத்து அழுத்தி வலது இடுப்பு வரைக்கும் இழுத்தாள். கை ஆடினதால் கோடு நேராக வரவில்லை, மின்னல் மாதிரி வந்தது. "ஐயோ, அங்க ஏம்மா!" என்று மேடம் எழுந்தே விட்டார். "இங்கதான் மேடம் நல்லாத் தெரியும்" என்றாள். தன் குரல் தனக்கே நிதானமாகக் கேட்டது. மேடம் குனிந்து லென்ஸை வைத்தார். நூற்றிருபது வருடத்து அழுக்கு நகக்கண் அளவுகூட ஆழம் இல்லை, மை மாதிரி வழித்துக்கொண்டு வந்துவிட்டது, அதற்கு அடியில் பித்தளை புத்தம் புதுசாக, இந்தக் காலத்து மெஷின் ரோலரில் தகடு உருட்டின வரிகூட அழியாமல், பளீரென்று சிரித்தது. "புதுசு" என்றார் மேடம் மெதுவாக, துக்கம் சொல்கிற மாதிரி. தாளை எடுத்து எழுதினார், முத்திரை குத்தினார், இரண்டே நிமிஷம்.

வாசலில் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கும்போது போன் அடித்தது. "பேப்பர் கெடச்சுதா?" "கெடச்சுது சார்." "ஒண்ணும் ஆகலியே? மேல கை வெக்கலையே அவங்க?" "அவங்க வெக்கல சார். நான்தான் வெச்சேன். கழுகு மாருல, இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும்." பஃப்பிங் மெஷின் சத்தம் நின்றது, யாரோ அணைத்திருக்க வேண்டும். "என்னா பண்ணிட்டு வந்திருக்கேன்னு தெரியுதா உனக்கு?" "தெரியும் சார்." "காலையில நேரா மாடிக்கு வா. திருப்பிப் பூசு." "வர மாட்டேன் சார். ரத்தம் குடுக்கப் போறேன்." அவர் கத்த ஆரம்பித்தார். அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள், அணைக்கவில்லை, பைக்குள் போட்டாள், அது அங்கேயே கத்திக்கொண்டிருந்தது. நாளையிலிருந்து வேலை இல்லை, தணிகாசலத்திடம் என்ன சொல்வது, ஈறு பற்றி முதலில் சொல்வதா, வேலை பற்றி முதலில் சொல்வதா, ஆஸ்பத்திரியில் சரியாகாது என்று சொல்லிவிட்டால், கை இப்படியே நின்றுவிட்டால். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பஸ் நிறுத்தத்தில் நிழல் கொஞ்சம்தான் இருந்தது. கூடை வைத்திருந்த ஒரு அம்மா நகர்ந்து இடம் விட்டாள், மடியில் துணி விலகித் தெரிந்த கவசத்தை எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, நாடகத்துக்கா?" "இல்லக்கா. நான் செஞ்சது." "நீயா? கையால?" "கையாலதான்." அந்த அம்மா சந்தேகமே படவில்லை. விரலால் கழுகின் இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள், கூரைத் தொட்டாள், நல்லாருக்கே என்றாள். பிறகு கீறலில் விரல் நின்றது. "அடப்பாவமே, இம்மாம் அழகா செஞ்சத யாரோ கிழிச்சு வெச்சிருக்காங்க பாரு." "அதுவும் நான்தான்" என்றாள் குணவதி, சொல்லிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டாள்.